இருமலுக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்குற பேக்கேஜை நம்பாதீங்க, 6,850 ரூபாயும் போச்சு ரெண்டு மாசமும் போச்சு

மணி ராத்திரி 11 ஆகுது, அப்பா இப்பதான் மாஸ்க்கோட தூங்குறாரு, நான் ஹால்ல உக்காந்து இதை டைப் பண்றேன். கை இன்னும் நடுங்குது. பேர் எதுவும் எழுதப்போறதில்ல, நோட்டீஸ் கீட்டீஸ்னு வந்தா அலையுற தெம்பு இப்ப எங்க வீட்ல யாருக்கும் இல்ல. போன்ல புக் பண்ணா வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துட்டுப் போய் ரிப்போர்ட்டை வாட்ஸப்ல அனுப்புற லேப் ஆப் இருக்குல்ல, அதுல ஒண்ணு. நடந்ததை முதல்ல சொல்லிடுறேன், என்ன செய்யணும்ங்கிறத கடைசில வரிசையா எழுதுறேன்.

அப்பாவுக்கு 67 வயசு, 15 வருஷமா சுகர். அம்மா போனதுக்கப்புறம் மதுரைல எங்க கூடதான் இருக்காரு. என் பொண்ணுக்கு 4 வயசு, தாத்தா கதை சொன்னாதான் தூங்குவா, அதனால ரெண்டு பேரும் ஒரே ரூம், ஒரே ஃபேன், ஜன்னலை கொசுவுக்காக சாத்தி வச்சிருப்போம். இதை ஏன் சொல்றேன்னு பின்னாடி புரியும்.

ஆடிப்பெருக்கு சமயத்துல இருமல் ஆரம்பிச்சுச்சு. மழைத்தண்ணி மாறுனதுனு நெனச்சு கஷாயம் வச்சுக் குடுத்தோம். ரெண்டு வாரம் தாண்டுச்சு. சாயங்காலமானா உடம்பு லேசா காயும், விடிகாலைல பனியன் நனைஞ்சு கெடக்கும். எனக்கே மனசுக்குள்ள டிபியா இருக்குமோனு ஒரு பயம் வந்துச்சு, ஆனா அப்பாகிட்ட அந்த வார்த்தையைச் சொல்ல முடியல, ஏன்னா அவரோட பெரியப்பாவை அந்தக் காலத்துல தோப்பூர் டிபி ஆஸ்பத்திரில கொண்டுபோய் விட்டு ஊரே ஒதுக்கி வச்ச கதையை அவர் சொல்லி சொல்லி நாங்க வளந்தோம். அப்பதான் போன்ல அந்த விளம்பரம். 'லங் இம்யூனிட்டி பேக்கேஜ்'. 12,400 ரூபாயை அடிச்சுட்டு 6,850 ரூபா. டிபி, நிமோனியா, அலர்ஜி, நுரையீரல் எதிர்ப்பு சக்தி எல்லாம் ஒரே ரத்தத்துல தெரிஞ்சிடும்னு போட்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசல் மிதிக்காமலே, டிபிக்குத்தான் பாக்குறோம்னு அப்பாவுக்குத் தெரியாம பாத்துடலாம்னு புக் பண்ணிட்டேன். அந்த மாசம் ஸ்கூல் ஃபீஸுக்கு எடுத்து வச்ச பணம்தான் அந்த 6,850 ரூபா.

காலைல 7 மணிக்கு ஒரு தம்பி வந்தான். அவ்வளவு மரியாதை. செருப்பை வெளிய விட்டுட்டு, கையைக் கழுவிட்டு, "ஐயா பயப்படாதீங்க, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்"னு அப்பா கையைத் தடவிக்குடுத்து எடுத்தான். எங்க அப்பாவுக்கு ஊசினாலே ஆகாது, அவரே "நல்ல பையம்மா, காபி குடு"ன்னாரு. கலர் கலர் மூடி போட்ட 4 சின்ன ட்யூப் வேற எடுத்தான், சாம்பல் கலர், பச்சை, மஞ்சள், ஊதா, அது என்னனு கேட்டேன். "அக்கா இதுதான் ஸ்பெஷல் டெஸ்ட், வெளில இது மட்டுமே 3,000 ஆகும், கிருமி உள்ள ஒளிஞ்சிருந்தாலும் காட்டிக்குடுத்துடும்"னான். எல்லாத்தையும் ஐஸ் பாக்ஸ்ல அடுக்கி வச்சுக்கிட்டு வண்டில கெளம்பினான். நான் வாசல் வரைக்கும் போய் நன்றி சொல்லிட்டு வந்தேன். அந்த நிமிஷம் எனக்கு மனசு எவ்ளோ லேசா இருந்துச்சுன்னு இப்ப நெனச்சா அழுகையா வருது.

மூணாவது நாள் ரிப்போர்ட். 14 பக்கம். முதல் பக்கத்துலயே நுரையீரல் படம், கீழ பச்சைக் கலர்ல 'டிபி பாதிப்புக்கான அறிகுறி இல்லை'. அலர்ஜிக்குப் பாக்குற ஐஜிஈ மட்டும் கூடுதல்னு ஆரஞ்சு கலர். ஹெல்த் அட்வைசர்னு ஒரு அம்மா போன் பண்ணி, "மேடம் கவலையே வேணாம், டிபி கம்ப்ளீட்டா ரூல் அவுட் ஆயிடுச்சு, இது அலர்ஜி இருமல்"னாங்க. ரூல் அவுட். இந்த ரெண்டு வார்த்தையை நான் என் வீட்டுக்காரர்கிட்ட, தங்கச்சிகிட்ட, பக்கத்து வீட்ல, எல்லாருகிட்டயும் சந்தோஷமா சொன்னேன். 9-ஆம் பக்கத்துல, உடம்புல தொற்று மாதிரி ஏதாவது இருந்தா ஏறுற ஈஎஸ்ஆர் 84-னு சிவப்புல இருந்துச்சு, அதைப் பத்தி யாரும் மூச்சு விடல.

அந்த ரிப்போர்ட்டை எடுத்துட்டு தெருமுனை க்ளினிக் போனோம். அவரும் பச்சைக் கலரைப் பாத்துட்டு எக்ஸ்ரே கூட கேக்கல, லீவோஃப்ளாக்ஸசின்ங்குற ஆன்டிபயாடிக் 7 நாளைக்கு, கூடவே அலர்ஜி மாத்திரை. இருமல் குறைஞ்சுச்சு. நாங்க சாமிக்கு வேண்டிக்கிட்டதெல்லாம் செஞ்சோம். 10 நாள்ல திரும்ப வந்துச்சு, முன்னவிட மோசமா. திரும்ப வேற மாத்திரை. இப்படியே புரட்டாசி, ஐப்பசினு ஓடிருச்சு. தீபாவளிக்கு எடுத்த சட்டை அப்பா மேல கொடில காயப்போட்ட மாதிரி தொங்குச்சு. 53 கிலோ இருந்தவர் 46. போன திங்கக்கெழமை காலைல வாஷ்பேசின்ல சளியில ரத்தம்.

எதுத்த வீட்ல ஆரம்ப சுகாதார நிலையத்துல நர்ஸா இருக்குற அக்கா கேட்ட முதல் கேள்வியே "சளி டெஸ்ட் எடுத்தீங்களா?"ங்கிறதுதான். ரத்தம்தான் எடுத்தோம்னேன். அவங்க தலைல கைய வச்சுக்கிட்டாங்க. அன்னைக்கே பெரியாஸ்பத்திரி. வாய் அகலமான பிளாஸ்டிக் டப்பா குடுத்து, எச்சில் இல்ல, நெஞ்சுலேருந்து இழுத்து இருமி வர்ற சளி வேணும்னு நின்னு சொல்லிக்குடுத்தாங்க. ஒண்ணு அங்கேயே, இன்னொண்ணு மறுநாள் வெறும் வயித்துல. சிபிநாட்னு ஒரு மெஷின், சளியில இருக்குற டிபி கிருமியோட டிஎன்ஏவையே தேடுது, கூடவே டிபிக்கு முக்கியமான ரிஃபாம்பிசின் மருந்து வேலை செய்யுமா செய்யாதாங்கிறதையும் சொல்லிடுது, ரெண்டு மணி நேரத்துல. டிபி இருக்கு. ரிஃபாம்பிசின் வேலை செய்யும். செலவு? ஒரு பைசா இல்ல. 6,850 ரூபா வாங்கிட்டு இல்லேனு சொன்னதை இலவசமா ஒரு டப்பா சளி சொல்லிருச்சு.

அங்க இருந்த டாக்டரம்மாவுக்கு சின்ன வயசுதான், அந்த 14 பக்கத்தையும் வாங்கி பொறுமையா பாத்துட்டு ஓபி சீட்டுக்குப் பின்னாடி படம் போட்டு விளக்கினாங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும் சொல்றேன். கிருமியை எதிர்க்க உடம்பு உண்டாக்கி ரத்தத்துல மிதக்க விடுற ஆன்டிபாடி, செல்லுக்கு வெளிய திரியுற கிருமியைத்தான் பிடிக்கும். டிபி கிருமி அப்படித் திரியாது, அதைத் தின்னு அழிக்க வர்ற மேக்ரோஃபேஜ்ங்குற செல்லுக்குள்ளயே குடித்தனம் பண்ணும். அதோட சண்டை போடுறது டி செல்ங்குற எதிர்ப்பு சக்தி செல். அதனால ரத்தத்துல ஐஜிஜி, ஐஜிஎம்ங்குற ஆன்டிபாடிகளைப் பாத்து டிபியைச் சொல்ல முடியாது, நோய் முத்தினவருக்கும் நெகடிவ்னு வரும், டிபி தடுப்புக்கான பிசிஜி ஊசி போட்டவங்க, எப்பவோ கிருமி பட்டு ஒண்ணும் ஆகாதவங்க, இவங்களுக்குக் கூட பாசிட்டிவ்னு வரலாம். 2011-லயே உலக சுகாதார அமைப்பு இதை டிபிக்கு பயன்படுத்தாதீங்கனு சொல்லிருச்சு, 2012 ஜூன்ல நம்ம அரசாங்கம் இந்த டெஸ்டைத் தடையே பண்ணிருச்சு. தடை! ரிப்போர்ட்ல அந்த வரில டிபினு எழுதாம 'மைக்கோபாக்டீரியம் ஆன்டிபாடி'னு போட்டிருக்கான். மைக்கோபாக்டீரியம்னா அதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்.

சரி, அந்த 4 ட்யூப்? அதை டிபி கோல்டுனு சொல்றாங்க. அது நல்ல டெஸ்ட்தான், டி செல் அந்தக் கிருமியை முன்னாடி பாத்திருக்கா, பாத்திருந்தா காமா இன்டர்ஃபெரான்ங்குற பொருளைச் சுரக்குதானு அளக்கும். ஆனா கிருமி உடம்புக்குள்ள எப்பவாவது வந்துச்சாங்கிறதுக்குதான் அது, இப்ப நோய் இருக்கா இல்லையாங்கிறதுக்கு இல்ல. கிருமி உள்ள போனவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு வாழ்நாள் பூரா நோயே வராது. அதுக்கும் மேல ஒண்ணு சொன்னாங்க பாருங்க, அப்பதான் எனக்கு ரத்தம் கொதிச்சுச்சு. ஊதா மூடி ட்யூப்புங்கிறது கன்ட்ரோல், அதுல யார் ரத்தமா இருந்தாலும் டி செல் சுரக்கணும், சுரக்கலைனா டெஸ்டே செல்லாது. அப்பாவோடதுல அது சுரக்கல. 'இன்டிடெர்மினேட்', அதாவது முடிவு சொல்ல முடியாதுனு 11-ஆம் பக்கத்துல சின்னதா போட்டிருக்கு. செல்லாத டெஸ்டை முதல் பக்கத்துல பச்சைக் கலராக்கி டிபி இல்லேன்னுட்டான். "ரத்தம் எடுத்து எப்படிக் கொண்டுபோனாங்க?"னு கேட்டாங்க. ஐஸ் பாக்ஸ்லன்னேன். அந்த ட்யூப்புகளை ஐஸ்ல வைக்கவே கூடாதாம், சாதாரண ரூம் சூட்டுல கொண்டுபோய் 16 மணி நேரத்துக்குள்ள 37 டிகிரி இன்குபேட்டர்ல வைக்கணுமாம், ஏன்னா செல் உயிரோட இருந்தாதானே சுரக்கும். ஐஸ்னாலயா, இல்ல சுகர்னால அப்பா உடம்பே அப்படி இருக்கானு இனி சொல்ல முடியாதுன்னாங்க. லீவோஃப்ளாக்ஸசின் டிபி கிருமியையும் கொஞ்சம் அடிக்கும், அதனாலதான் சரியான மாதிரி காட்டிட்டு திரும்ப வந்துச்சாம்.

அன்னைக்கு சாயங்காலமே அந்த ஆப்புக்கு போன் போட்டேன். 20 நிமிஷம் பாட்டு. அப்புறம் ஒருத்தர், "மேடம், ரிப்போர்ட் சாம்பிளைப் பொறுத்தது". டிக்கெட் போட்டாங்க. மறுநாள் வேற ஒருத்தர், நான் முதல்லேருந்து கதை சொல்லணும், "கடைசி பக்கத்துல டிஸ்க்ளெய்மர் இருக்கே மேடம், டாக்டர்கிட்ட காட்டணும்னு". உங்க ஆள்தானே ரூல் அவுட்னு போன்ல சொன்னதுன்னேன், அந்தக் கால் ரெக்கார்டு 30 நாளுக்கு மேல இருக்காதாம். தடை பண்ண டெஸ்டை எப்படிப் பண்ணீங்கனு கேட்டேன், "டெக்னிகல் டீம் திரும்பக் கூப்பிடுவாங்க". கூப்பிடல. வாட்ஸப்ல ஓபி சீட்டு, சிபிநாட் ரிசல்ட் எல்லாம் அனுப்பினேன், ரெண்டு நீல டிக், அவ்வளவுதான். நேத்து ஒரு மெசேஜ்: டெஸ்ட் முடிஞ்சதால ரீஃபண்ட் கிடையாது, அடுத்த புக்கிங்குக்கு 15 சதவீத கூப்பன். எங்க அப்பா நெஞ்சுல ரெண்டு மாசம் அது வளந்திருக்கு, எனக்குக் கூப்பன். 6,850 ரூபாயை அவங்க திருப்பித் தந்தாலும் அந்த ரெண்டு மாசத்தை யார் தர்றது?

அப்பாகிட்ட சொன்னப்ப சுவத்தைப் பாத்து உக்காந்துட்டாரு. "என்னைய தோப்பூர்ல விட்ருவியாம்மா"னு ஒரு கேள்வி. வீட்லயே மாத்திரை சாப்பிட்டா போதும், சானடோரியம்ங்குற டிபி ஆஸ்பத்திரில வச்சுப் பாக்குறதும் வீட்ல வச்சுப் பாக்குறதும் ஒண்ணுதான்னு 1959-லயே மெட்ராஸ்ல ஆராய்ச்சி பண்ணி உலகத்துக்கே காட்டிட்டாங்க தாத்தானு அந்த டாக்டரம்மாதான் பக்கத்துல உக்காந்து சொன்னாங்க. எடை பாத்தாங்க, ஆக்சிஜன் பாத்தாங்க, காலை அமுக்கி வீக்கம் இருக்கானு பாத்தாங்க, பிடிக்காம எழுந்து நிக்கச் சொன்னாங்க. 2022-லேருந்து காசநோய் இறப்பில்லா திட்டம்னு ஒண்ணு இருக்காம், யாருக்கு அட்மிஷன் வேணும்னு முதல் நாளே பிரிச்சுடுறாங்க. அப்பாவுக்கு வேணாம். 46 கிலோவுக்கு தினம் 3 மாத்திரை, மொத்தம் 6 மாசம். சாப்பாட்டுக்கு மாசம் 1,000 ரூபா அவர் அக்கவுண்ட்லயே வரும். ஒண்ணுக்கு ஆரஞ்சா போகும் பயப்படாதீங்கனு முன்னாடியே சொல்லி அனுப்பினாங்க, அது மட்டும் சொல்லலைனா இன்னொரு தடவை செத்திருப்பேன்.

கடைசில வரிசையா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப முடியல, பாப்பா எழுந்துட்டா. அவசரமா இது மட்டும்: ரெண்டு வாரத்துக்கு மேல இருமல்னா சளி டெஸ்ட், எக்ஸ்ரே, அரசு ஆஸ்பத்திரில இலவசம். ரத்தத்துல டிபி ஆன்டிபாடினு எவன் சொன்னாலும் காசு குடுக்காதீங்க. பச்சைக் கலரைப் பாக்காதீங்க, எல்லா பக்கத்தையும் ஒரு டாக்டர்கிட்ட காட்டுங்க. சளி பாக்குறதுக்கு முன்னாடி லீவோஃப்ளாக்ஸசின் மாதிரி மாத்திரையைப் போட்டுடாதீங்க. சந்தேகம்னா 1800-11-6666, இலவச நம்பர்.

தாத்தா கூட ஒரே ரூம்ல படுத்ததால பாப்பாவுக்கும் பாத்தாங்க. எக்ஸ்ரே சுத்தமா இருக்கு. நோய் இல்லேனு உறுதியாயிட்டா அவளுக்கும் 6 மாசம் தடுப்பு மாத்திரை. இன்னைக்கு, டிபி கிருமி உள்ள வந்திருக்கானு பாக்குற மான்டூ ஊசியை முன்னங்கைல போட்டு சுத்தி பேனாவால வட்டம் வரைஞ்சு விட்டிருக்காங்க. அதைத் தொடாதடி தொடாதடின்னு சொல்லிட்டே இருக்கேன். நாளை மறுநாள் ஸ்கேல் வச்சு அளப்பாங்க.