அமெரிக்கக் கல்லூரிக்கு அரசாங்க உதவி நிதி வாங்கித் தருகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள்

பிள்ளை படிவம் ஆறோ ஏ லெவலோ முடிக்கப்போகிறது, அமெரிக்காவில் படிக்க ஆசை, கையில் அவ்வளவு பணம் இல்லை என்று இருக்கும் பெற்றோர்கள் இதைத் தயவுசெய்து முழுதாகப் படியுங்கள். பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு கன்சல்டன்சியிடம் 4,800 வெள்ளி கொடுத்து ஏமாந்தோம். பணம் போனதுகூடப் பரவாயில்லை, என் மகளின் ஒரு வருட உழைப்பு வீணானதுதான் மனது ஆறவில்லை.

அங்கே எங்களிடம் பேசிய தம்பி பேச்சிலேயே ஆளைக் கரைத்துவிடுவார். "நம்ம பிள்ளைங்க மேல வரணும்க்கா. அமெரிக்க அரசாங்கமே காசு குடுக்குது, நம்ம ஆளுங்களுக்குத்தான் தெரியமாட்டேங்குது" என்றார். ஃபாஃப்சா என்று ஒரு படிவமாம், அதை நிரப்பி அனுப்பினால் உதவி நிதி வந்துவிடுமாம். அதற்கு 1,800 வெள்ளி. மற்ற விண்ணப்ப வேலைகளுக்கு 3,000, அதில் பாதி முன்பணம், மீதி ஆஃபர் லெட்டர் வந்த பிறகு. என் வீட்டுக்காரரின் வருடச் சம்பளத்தைக் காட்டும் இ.ஏ. படிவம், என் சம்பளச் சீட்டு, இ.பி.எஃப். சேமநிதிக் கணக்கு என்று எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டார்கள்.

ஃபாஃப்சா என்பது அமெரிக்க மத்திய அரசின் கல்வி உதவிக்கான விண்ணப்பம். அந்த நாட்டுக் குடிமக்களுக்கும், கிரீன் கார்டு வைத்திருப்பவர்கள் போன்ற சில பிரிவினருக்கும் மட்டுமே அந்தப் பணம் கிடைக்கும். மாணவர் விசாவில் போகும் மலேசியப் பிள்ளைக்கு அதிலிருந்து ஒரு காசும் வராது. தகுதி உள்ளவர்களுக்கும் அந்த விண்ணப்பம் இலவசம். எங்களிடம் காட்டிய படிவத்தை இன்னும் வைத்திருக்கிறேன். அமெரிக்க அரசு கொடுக்கும் அடையாள எண்ணான சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு அதில் 9 கட்டம். அங்கே என் மகளின் அடையாள அட்டை எண்ணை நீல மையில் எழுதியிருக்கிறார்கள். நம் அட்டை எண்ணுக்கு 12 இலக்கம். ஒன்பதாவதோடு கட்டம் தீர்ந்துபோக, கடைசி மூன்றை அப்படியே விட்டுவிட்டார்கள். எங்களுக்குக் காட்டுவதற்கென்றே நிரப்பிய தாள் அது.

இதைவிடப் பெரிய அநியாயம், பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரே இடத்தில் விண்ணப்பிக்கும் இணையதளமான காமன் ஆப்பில் நடந்தது. கட்டுரை ஒவ்வொன்றையும் மகள் ராத்திரி கண்விழித்து எழுதினாள். ஆனால் கணக்கைத் திறந்தது அவர்கள், கடவுச்சொல்லும் அவர்கள் கையில். ஒவ்வொரு கல்லூரிக்கும் அதில் ஒரு கேள்வி வரும்: பண உதவி கேட்கப்போகிறீர்களா என்று. விண்ணப்பித்த அத்தனை கல்லூரிக்கும் "நோ" போட்டிருக்கிறார்கள். உதவி நிதி வாங்கித் தருகிறேன் என்று காசு வாங்கியவர்களே!

ஏன் அப்படிச் செய்தார்கள் என்று பிறகுதான் விளங்கியது. வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கும்போது, பண உதவி கேட்கிறார்களா என்பதையும் பெரும்பாலான அமெரிக்கக் கல்லூரிகள் கணக்கில் எடுக்கின்றன. கேட்டால் போட்டி இன்னும் கடுமை. அதைப் பார்க்காமலே இடம் கொடுத்து, குடும்பத்தால் முடியாத தொகை முழுவதையும் தருகிற இடங்கள் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி., அம்ஹர்ஸ்ட் மாதிரி வெகு சிலதான். ஆகவே "நோ" போட்டால் ஆஃபர் வருவது கொஞ்சம் சுலபம். ஆஃபர் வந்தால் ஏஜெண்டுக்கு மீதிப் பணம் வந்துவிடும். அதற்குப் பிறகு நாம் கட்ட முடிந்தால் என்ன, முடியாவிட்டால் அவர்களுக்கு என்ன?

மார்ச் கடைசியில் ஒஹாயோவில் ஒரு கல்லூரியிலிருந்து ஆஃபர் வந்தது. மீதியை அன்றைக்கே வாங்கிக்கொண்டார்கள். உதவி நிதி எப்போது வரும் என்று கேட்டால் "ப்ராசஸ்ல இருக்குக்கா" என்ற ஒரே பதில். மகளே கல்லூரியின் உதவி நிதி அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதினாள். உங்கள் பெயரில் உதவிக்கான விண்ணப்பம் எதுவும் வரவில்லை, வெளிநாட்டு மாணவர்கள் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும்போதே கேட்டிருக்க வேண்டும், இனி வழியில்லை என்று பதில் வந்தது. எல்லாச் செலவும் சேர்த்து ஒரு வருடத்துக்கு 80,000 டாலருக்கு மேல். நம் காசுக்கு மூன்று லட்சம் வெள்ளியைத் தாண்டும். முதல் வருடப் பணம் இருக்கிறது என்று காட்டாமல் விசாவுக்கு வேண்டிய ஐ-20 தாளே கிடைக்காது. அந்த இடத்தை விட்டுவிட்டோம். மகள் இப்போது உள்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள்.

நம் பிள்ளைகளுக்கு உண்மையில் கிடைக்கக்கூடியது அந்தந்தக் கல்லூரி தன் சொந்தப் பணத்திலிருந்து தரும் உதவி. அதற்குப் பல கல்லூரிகள் கேட்பது காலேஜ் போர்டு என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சி.எஸ்.எஸ். ப்ரொஃபைல் என்ற உதவி நிதி விண்ணப்பம். முதல் கல்லூரிக்கு 25 டாலர், அடுத்து ஒவ்வொன்றுக்கும் 16 டாலர். சம்பளத்தை ரிங்கிட்டிலேயே எழுதலாம். அந்தக் கட்டணமும் கஷ்டம் என்றால் கல்லூரிக்கு எழுதிக் கேளுங்கள், சில கல்லூரிகள் வேறு படிவத்தை ஏற்றுக்கொள்கின்றன. எங்களிடம் வாங்கிய அதே இ.ஏ. படிவத்தை வைத்து மகளே இதை நிரப்பியிருப்பாள்.

சந்தேகம் இருந்தால் கோலாலம்பூரிலேயே மேசீ என்ற மலேசிய-அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் இருக்கிறது. அமெரிக்க வெளியுறவுத் துறையின் எஜுகேஷன் யு.எஸ்.ஏ. ஆலோசனை மையம் அங்கேதான். எந்தக் கல்லூரியிடமும் கமிஷன் வாங்காதவர்கள். முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

ரசீதில் "கன்சல்டேஷன்" என்று மட்டும் போட்டிருந்தாலும் வாட்ஸ்அப்பில் பேசியதெல்லாம் அப்படியே இருக்கிறது. அதை வைத்துப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டிருக்கிறோம். 50,000 வெள்ளி வரை அங்கே கோரலாம், 5 வெள்ளிதான் கட்டணம், வக்கீல் தேவையில்லை, ஆனால் 3 வருடத்துக்குள் போக வேண்டும்.

உங்கள் பிள்ளையின் விண்ணப்பம் இப்போது இப்படி யாரிடமாவது இருந்தால், இன்றைக்கே கடவுச்சொல்லைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே போய் ஒவ்வொரு கல்லூரியின் பக்கத்திலும் பண உதவிக் கேள்விக்கு என்ன பதில் போட்டிருக்கிறார்கள் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பாருங்கள். அனுப்பியாகிவிட்டது, "நோ" என்று இருக்கிறது என்றால், முடிவு வரும்வரை காத்திருக்காமல் பிள்ளையின் சொந்த மின்னஞ்சலிலிருந்தே கல்லூரிக்கு நேரடியாக எழுதி, மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.