எஃப்.எம்.2-வா, எஃப்.இ-யா: தங்கை மகனுக்குப் பிலிம் கேமரா தேடியபோது

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பினாங்கு வெயிலில் தெருத்தெருவாக நடந்து படம் எடுக்கிற, பிலிமுக்குப் புதிதாக வருகிற ஒருவருக்கு நான் நிக்கான் எஃப்.இ-யைத்தான் கையில் கொடுப்பேன். எல்லாரும் கேட்பது என்னவோ அதே நிக்கானின் எஃப்.எம்.2. அது என்னிடமும் இருக்கிறது, பத்து வருடத்துக்கு மேலாகிறது, விற்க மாட்டேன். ஆனாலும் முதல் கேமரா என்றால் எஃப்.இ. போன மாதம் தங்கை மகன் வந்து, "மாமா, தைப்பூசத்துக்கு இந்த வருசம் பிலிமில்தான் எடுக்கப்போறேன், எதை வாங்கலாம்?" என்று கேட்டபோது ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. கோப்பிக்கடையில் உட்கார்ந்து பேசியே ஒரு மதியம் போய்விட்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவனிடம் நான் முதலில் கேட்டது, வீட்டில் என்ன லென்ஸ் இருக்கிறது என்பதுதான். பாடியைப் பார்த்து மயங்கி வாங்கிவிட்டு அப்புறம் லென்ஸுக்கு அலைகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் கேனனின் பழைய எஃப்.டி லென்ஸ் இருந்தால் ஏ.இ-1 புரோகிராம் பார்க்கலாம், 1981-இல் வந்தது, எளிமையானது, பார்க்கவும் அழகு. ஆனால் அது முழுக்க பேட்டரியை நம்பியது, ஆறு வோல்ட் பேட்டரி தீர்ந்தால் பிலிமில் ஒளி பட ஒரு கணம் திறந்து மூடுகிற ஷட்டரே அசையாது. அந்த வரிசைக் கேமராக்களில் கண்ணாடி தூக்கும்போது 'கீச்' என்று இருமுவது போல ஒரு சத்தம் வருவதும் எல்லாருக்கும் தெரிந்ததுதான், உள்ளே எண்ணெய் காய்ந்துபோவதால் வருகிறது. கேனன் 1987-இல் லென்ஸ் மாட்டும் வளையத்தையே மாற்றிவிட்டதால், எஃப்.டி லென்ஸ் பின்னால் வந்த ஈ.ஓ.எஸ் கேமராக்களில் அப்படியே பொருந்தாது. நிக்கான் 1959-இல் தொடங்கிய எஃப் வளையத்தை விடாமல் வைத்திருந்தது.

இவன் கொண்டுவந்தது அவன் தாத்தாவின், அதாவது என் அப்பாவின் 50 மி.மீ. எஃப் 2 நிக்கார். அப்பர்ச்சரை, அதாவது ஒளி நுழைகிற துளையைக் கூட்டிக் குறைக்கிற வளையத்தின்மேல் முயல்காது மாதிரி, ஓட்டை இல்லாத ஒரு உலோகத் துண்டு நிற்கும், பார்த்தவுடன் 1977-க்கு முந்தைய லென்ஸ் என்று தெரிந்துவிடும். இங்கேதான் விஷயமே இருக்கிறது. 1977-இல் நிக்கான், அப்பர்ச்சர் வளையமே ஒரு நாக்கைத் தள்ளி அளவைப் பாடிக்குச் சொல்கிற ஏ.ஐ என்ற முறைக்கு மாறியது. அதற்கு ஏற்றபடி வளையத்தை வெட்டி மாற்றாத பழைய லென்ஸை எஃப்.எம்.2-இல் மாட்டக் கூடாது, பாடியின் வளையத்தில் இருக்கிற சிறு நாக்கில் இடித்து உடைத்துவிடும். எஃப்.இ-யிலும் முதல் எஃப்.எம்-மிலும் அந்த நாக்கை மேலே மடக்கி வைக்கலாம். மடக்கிவிட்டால் ஒளியின் அளவு பார்க்கும்போது அப்பர்ச்சரை உண்மையிலேயே மூடித்தான் பார்க்க வேண்டும், கொஞ்சம் வேலைதான், வியூஃபைண்டர் இருட்டாகும். ஆனால் தாத்தாவின் லென்ஸ் வேலை செய்யும். அவன் முகத்தைப் பார்த்தேன், அந்த இடத்திலேயே பாதி முடிவாகிவிட்டது.

எஃப்.இ 1978-இல் வந்தது. கண்ணை வைத்தால் இடது ஓரத்தில் ஷட்டர் வேகங்கள் மேலிருந்து கீழாக வரிசையாக இருக்கும், அதன்மேல் இரண்டு முள். பச்சை முள் நீங்கள் வைத்த வேகம், கறுப்பு முள், ஒளியை அளக்கிற மீட்டர் சொல்கிற வேகம். கேமராவை வெயில் பட்ட சுவரிலிருந்து கடைகளின் முன்னால் ஓடுகிற ஐந்தடிப் பாதையின் நிழலுக்குத் திருப்பினால் கறுப்பு முள் தன்பாட்டுக்கு 1000-லிருந்து (அதாவது 1000-இல் ஒரு பங்கு நொடி) 60-க்கு இறங்கி வருவதைக் கண்ணால் பார்க்கலாம். ஒளி எவ்வளவு குறைந்தது என்று புத்தகம் படிக்காமலே புரிந்துவிடும். எஃப்.எம்.2-இல் சிவப்பாக ஒரு கூட்டல், ஒரு வட்டம், ஒரு கழித்தல், அவ்வளவுதான். சரி, கூடுதல், குறைவு என்று சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. புதிதாகக் கற்கிறவனுக்கு முள் மாதிரி ஒரு வாத்தியார் கிடையாது. தவிர எஃப்.இ-யில் வேகத்தைத் தானே தேர்ந்தெடுக்கிற வசதியும் உண்டு, அப்பர்ச்சரை மட்டும் வைத்தால் போதும்.

இருட்டில் கதை மாறும், இதை மறைக்கக் கூடாது. தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுகிற பாதையில் விடியற்காலையில், தண்ணீர்ப்பந்தல் குழல்விளக்கைத் தாண்டிவிட்டால் எஃப்.இ-யின் முள் கண்ணுக்கே தெரியாது. எஃப்.எம்.2-இன் சிவப்பு விளக்கு தெரியும். காவடிக்கு அலகு குத்துகிற நேரத்தில் நான் எஃப்.எம்.2-ஐத்தான் வைத்திருப்பேன், வட்டம் எரிகிறதா என்று மட்டும் பார்த்துக்கொண்டு, வேகத் திருகை விரலால் ஒவ்வொரு சொடுக்காக எண்ணித் திருப்பிக்கொண்டு.

எஃப்.எம்.2-இன் இன்னொரு பெருமை 4000-இல் ஒரு பங்கு நொடி வேகம். 1982-இல் வந்தபோதே அதில் இருந்தது, இரண்டு வருடம் கழித்து வந்த எஃப்.எம்.2என்-இல் பிளாஷோடு எடுக்கக்கூடிய வேகமும் 250-க்கு உயர்ந்தது. இது வெறும் விளம்பர எண் இல்லை. நம்ம ஊர் பன்னிரண்டு மணி வெயிலில் ஒளியைச் சீக்கிரம் பிடிக்கிற 400 பிலிம் போட்டால் எஃப் 16 அப்பர்ச்சருக்கு 500 வேகம் வரும். எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும், பின்னணி மங்கும். 1000 வரைதான் போகிற எஃப்.இ-யில் எஃப் 11-க்கு மேல் திறக்க முடியாது, பின்னால் இருக்கிற மின்கம்பி, மோட்டார் சைக்கிள் எல்லாம் தெளிவாக வந்து முகத்தோடு சண்டை போடும். எஃப்.எம்.2-இல் எஃப் 5.6 வரை திறக்கலாம். இதற்கு நான் சொல்கிற வழி, பகலுக்கு 200 பிலிம் போடுவது. எஃப் 8-க்கு வந்துவிடும், தெருவுக்கு அது போதும்.

பேட்டரி தீர்ந்தால் என்ன என்று அவன் கேட்டான், நியாயமான கேள்வி. எஃப்.எம்.2-க்கு மீட்டர் மட்டும்தான் போகும், எல்லா வேகமும் இயந்திரத்தாலேயே ஓடும். எஃப்.இ-யில் எம்90 என்ற ஒரே ஒரு வேகமும் (90-இல் ஒரு பங்கு நொடி), அழுத்தியிருக்கும் வரை திறந்திருக்கிற பி-யும் மிஞ்சும். ஒரு வருடம் ரத ஊர்வலத்தில் எனக்கு அப்படி ஆகிவிட்டது, பிலிம் நகர்த்துகிற லீவரை வெளியே இழுத்துவிட்டால் மீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், முந்தைய நாள் பையில் அப்படியே போட்டு வைத்திருக்கிறேன். எம்90-க்குத் திருப்பி, கடை நிழலில் நின்றவர்களை மட்டும் 400 பிலிமில் எஃப் 11 வைத்து எடுத்து ரோலை முடித்தேன், எல்லாமே பார்க்கும்படி வந்திருந்தது. இரண்டு எல்.ஆர்.44 பேட்டரி பர்ஸில் இருந்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

பென்டாக்ஸ் கே1000 பற்றியும் கேட்டான். 1976 முதல் 1997 வரை செய்தார்கள், உழைக்கிற கேமரா, குறை சொல்ல ஒன்றும் இல்லை, பென்டாக்ஸ் லென்ஸ் வீட்டில் இருந்தால் தாராளமாக வாங்கலாம்.

அப்புறம் கடைக்குப் போனோம். ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடை. எஃப்.எம்.2என் ஒன்று 1,400 வெள்ளி (ரிங்கிட்), எஃப்.இ ஒன்று 650. கடைக்காரத் தவுக்கே பொறுமையானவர், பின்கதவைத் திறந்து நாங்கள் செய்ததையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நொடி வேகத்தில் அழுத்திக் காதால் கேட்டோம். தானியங்கியில் வைத்து விளக்கைப் பார்த்து ஒன்று, மேசைக்கு அடியில் பார்த்து ஒன்று அழுத்தினோம், சத்தத்தின் நீளம் மாற வேண்டும், மாறியது. ஷட்டர் தகடுகளைக் கையால் தொடவேயில்லை, ஒருமுறை மடங்கினால் போச்சு. கைப்பேசி விளக்கை லென்ஸுக்குள் அடித்து பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தோம், நம்ம ஊர்க் காற்றில் அலமாரியில் கிடந்த லென்ஸில் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கும். கடைசியாக, வெளிச்சம் உள்ளே புகாமல் இருக்கப் பின்கதவோரத்தில் ஒட்டியிருக்கிற கறுப்பு ஸ்பாஞ்சைப் பல்குத்தும் குச்சியால் தொட்டேன், தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது.

அந்த ஸ்பாஞ்சு எனக்குச் சாதாரண விஷயம் இல்லை. இவன் அம்மா கல்யாணத்தில் நலுங்கு வைக்கும்போது நான் எடுத்த ஒரு ரோல், முப்பத்தாறு படமும், ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் தீப்பிடித்த மாதிரி கோடு விழுந்து வந்தது. ஒரு கடையில் நம்பி வாங்கிய பழைய கேமரா, கதவோரத்தைப் பார்க்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தெரியாது. எங்கள் பாட்டி உயிரோடு இருந்த கடைசி விசேஷம் அது. அதனால் எந்தக் கேமரா வாங்கினாலும் முதல் ரோல் போடுவதற்கு முன் ஸ்பாஞ்சை மாற்றச் சொல்வேன். பழையதை ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்து எடுத்து, புதிதை அளந்து வெட்டி ஒட்ட வேண்டும், நிதானமாகச் செய்தால் ஒரு மணி நேர வேலை.

தவுக்கே 50 வெள்ளி குறைத்தார். எஃப்.இ-யை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டு மேசையில் வைத்து அவனையே ஸ்பாஞ்சு ஒட்டவைத்தேன். என்னிடம் சும்மா கிடந்த நிக்கான் சீரீஸ் ஈ 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸையும் கொடுத்திருக்கிறேன், அதில் அப்பர்ச்சரை மூடிப் பார்க்க வேண்டியதில்லை, கூட்டத்தில் அவசரமாக எடுக்க அதுதான் வசதி. விடியற்காலைக்கு மட்டும் என் எஃப்.எம்.2-ஐக் கடன் கேட்டிருக்கிறான், தருவதாகச் சொல்லிவிட்டேன். தாத்தாவின் லென்ஸில் எடுத்த சோதனை ரோல் இப்போது லேபில் இருக்கிறது, வெள்ளிக்கிழமை வரும்.