சென்னை ஃப்ளாட்டா, கோவை முதியோர் குடியிருப்பா, ஆறு மாதம் அங்கே ஆறு மாதம் இங்கேயா?

அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தமிழர்கள் ஊர் திரும்புவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச்சு சுற்றிச் சுற்றி மூன்று வழிகளில்தான் வந்து நிற்கும். சென்னையில் சொந்தமாக ஒரு ஃப்ளாட். கோயம்புத்தூர் பக்கம் சாப்பாடும் நர்சும் உள்ளேயே இருக்கும் ஒரு முதியோர் குடியிருப்பு. இல்லாவிட்டால் நவம்பரில் வந்து ஏப்ரலில் விமானம் ஏறும் அரை வருட வாசம்.

இதைப் பெரும்பாலான வீடுகளில் முடிவு செய்வது கணவர். அதுவும் 66, 67 வயதில், முழங்கால் இன்னும் ஒத்துழைக்கும்போது. ஆனால் மனைவி நாலைந்து வயது இளையவர், பெண்களின் ஆயுளும் சற்று அதிகம். கடைசிச் சில வருடங்களை அந்த வீட்டில் தனியாகக் கழிக்கப்போவது பெரும்பாலும் அவர்தான். அதனால் மூன்று வழிகளையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: 80 வயதில் அந்த அம்மா தனியாக இருக்கும்போது எது தாங்கும்?

முதலில் காகிதம். ஓய்வு பெற்றவர்களுக்கென்று தனி விசா இந்தியாவில் கிடையாது. இந்திய வம்சாவளி வெளிநாட்டுக் குடிமக்களுக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தால் கவலையே இல்லை. எத்தனை வருடம் வேண்டுமானாலும் தங்கலாம், காவல்துறைப் பதிவு வேண்டாம், வீடு வாங்கலாம். விவசாய நிலமும் பண்ணை வீடும் மட்டும் வாங்க முடியாது. ஊரில் ஒரு தென்னந்தோப்பு என்று கனவு வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ளவும். கனடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் ஈழத் தமிழர்கள் பலருக்கு ஓசிஐ தகுதி வராது. முன்னோர் இந்தியாவில் பிறந்ததற்கு ஆவணம் காட்டக்கூடிய இலங்கை மலையகத் தமிழ்க் குடும்பங்களுக்கு வரலாம். மற்றவர்களுக்குச் சுற்றுலா விசாதான், அதில் ஒரே தடவையில் 180 நாளுக்கு மேல் தங்க முடியாது. அவர்களுக்கு மூன்றாவது வழிதான் வழி.

அந்த மூன்றாவது வழி, அரை வருட வாசம், பணக்கணக்கில் மற்ற இரண்டையும் எளிதாக ஜெயிக்கிறது. ஒரு நிதியாண்டில் 182 நாளுக்குக் கீழே இருந்தால் வருமான வரிச் சட்டப்படி பொதுவாக வெளிநாட்டில் வசிப்பவராகவே தொடரலாம், வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே வரி வராது. இந்தியாவிலேயே 15 லட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு அந்த எல்லை 120 நாளாகச் சுருங்கலாம், ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே உள்ள மருத்துவ வசதியும் கையை விட்டுப் போகாது. முதியவர்களுக்கான அமெரிக்க அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் இந்திய ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுக்காது என்றாலும், திரும்பிப் போனால் அப்படியே இருக்கும். நிரந்தரமாக வந்துவிட்டோமே என்று அதில் மருத்துவர் செலவுக்கான பார்ட் பி சந்தாவை நிறுத்தியவர் பின்னால் மீண்டும் சேர்ந்தால், விட்டுப்போன ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 10 சதவீதம் கூடுதலாக, அதுவும் வாழ்நாள் முழுக்கக் கட்ட வேண்டிவரும். கனடாவின் ஒன்டாரியோவில் இருப்பவர்கள் 12 மாதத்தில் 212 நாளுக்கு மேல் மாகாணத்தை விட்டு வெளியே இருந்தால் ஓஹிப் மருத்துவக் காப்பீடே கேள்விக்குறி. பிரிட்டன்காரர்களுக்கு இன்னொரு சங்கடம்: நிரந்தரமாக இந்தியா வந்துவிட்டால் அரசு ஓய்வூதியம் அன்றைய தொகையிலேயே உறைந்துவிடும், ஆண்டுதோறும் ஏறும் உயர்வு வராது. 67 வயதில் கிளம்புகிறவருக்கு இருபது வருடத்தில் அது பெரிய இழப்பு.

அப்புறம் எங்கே இது தோற்கிறது? உடம்பில். அமெரிக்காவிலிருந்து என்றால் இருபது மணி நேரத்துக்கு மேல் பயணம், நடுவில் விமானம் மாறுதல், இரண்டு பக்கமும் மாத்திரை டப்பா, இரண்டு பக்கமும் மருத்துவர். பூட்டிக் கிடக்கும் வீட்டில் கரையானும் எலியும் வாடகை தராமல் குடியிருக்கும். 75 வரை இது சுகமான வாழ்க்கை. அதற்குப் பிறகு ஏதோ ஒரு வருடம், விழுந்ததாலோ ஒரு அறுவை சிகிச்சையாலோ, ஒரு பக்கத்தில் மாட்டிக்கொள்வீர்கள். எந்தப் பக்கம் என்பது உங்கள் கையில் இருக்காது. தனியாக இருக்கும் 80 வயது அம்மாவுக்கு இது வழியே இல்லை.

சென்னை ஃப்ளாட்டை ஆசைக்கு என்றால் முதலில் வைப்பேன். மார்கழிக் கச்சேரி, நடந்து போகிற தூரத்தில் கோயில், காய்கறி வண்டி, போன் செய்தால் வீட்டுக்கே வரும் பால், மருந்து, எலக்ட்ரீஷியன். மருத்துவத்தில் இந்த ஊரை மிஞ்ச நாட்டில் அதிகம் இல்லை. முதியோர் மருத்துவம் தனிப் படிப்பாக வளர்ந்ததே சென்னை மருத்துவக் கல்லூரியில்தான். கிண்டியில் 2024-இல் தேசிய முதியோர் நல மருத்துவமனையும் திறந்தாகிவிட்டது.

ஆனால் வீட்டுக்குள்ளே என்ன நடக்கிறது? மயிலாப்பூர், மேற்கு மாம்பலம் பக்கம் நமக்குப் பிடித்த பழைய ஃப்ளாட்டுகள் பல மூன்று மாடி, லிஃப்ட் இல்லாதவை. லிஃப்ட் உள்ள புதிய கட்டடம் வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் மலிவாகக் கிடைக்கும். 2015-லும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பகுதிகள் எப்படி மூழ்கின என்று பார்த்தோம். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காக விழித்திருந்ததையும் மறந்துவிட வேண்டாம். நடைபாதை விஷயத்தைச் சொல்லவே வேண்டாம், பைக் நிற்கும் இடத்துக்குப் பெயர்தான் நடைபாதை.

இதையெல்லாம் கூடச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது ஆள். சமையலுக்கு ஒருவர், பெருக்க ஒருவர், படுக்கையாகிவிட்டால் ஏஜென்சி மூலம் 12 மணி நேர ஷிஃப்டில் இரண்டு அட்டெண்டர். தீபாவளி, பொங்கல் வந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் ஊருக்குப் போவார்கள். அவர்களை வேலைக்கு வைப்பது, சம்பளம் பேசுவது, ஏஜென்சியோடு சண்டை போடுவது எல்லாம் ஒரு தனி வேலை. அதைச் செய்ய வீட்டில் ஒரு திடமான ஆள் வேண்டும், அல்லது பக்கத்துத் தெருவில் ஒரு தம்பி, ஒரு அண்ணன் மகள் வேண்டும். அப்படி ஒருவர் இருந்தால், அவருக்கும் விருப்பம் இருந்தால், சென்னை ஃப்ளாட்டுக்கு ஈடில்லை. இல்லாவிட்டால் நியூ ஜெர்சியிலிருந்து மகன் வாட்ஸ்அப்பில் அட்டெண்டரை நிர்வாகம் செய்துகொண்டிருப்பார்.

கும்பகோணம், ஸ்ரீரங்கம் என்று சொந்த ஊருக்கே போகிறேன் என்பவர்களுக்கும் இதே பதில்தான், கொஞ்சம் கூடுதல் அழுத்தத்தோடு. திருச்சி மருத்துவமனைகளும் விமான நிலையமும் இருப்பதால் ஸ்ரீரங்கம் பரவாயில்லை.

கோவைக்கு வருவோம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று, சிறுவாணித் தண்ணீர், பீளமேட்டிலும் அவிநாசி சாலையிலும் வரிசையாக நல்ல மருத்துவமனைகள், சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் நேரடி விமானம். முதியோர் குடியிருப்புகள் நாட்டிலேயே இங்கே முன்னால் வேரூன்றியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு பொதுச் சாப்பாட்டுக் கூடத்தில், குளியலறையில் கைப்பிடியும் அவசர மணியும், வளாகத்துக்குள் நர்ஸ், ஆம்புலன்ஸ். முக்கியமாக, சமையல்காரர் வராவிட்டால் அது நிர்வாகத்தின் தலைவலி, உங்களுடையது அல்ல. கணவர் போன பிறகும் அந்த அம்மாவின் காலை காபி, சாயங்கால பஜனை, பக்கத்து வீட்டுத் தோழி எதுவும் மாறாது. என் கேள்விக்கு நேரான பதில் தருவது இது ஒன்றுதான்.

உறவினர் கேட்பார்கள், "ஏன், பசங்க பார்த்துக்க மாட்டாங்களா?" என்று. கேட்டுவிட்டுப் போகட்டும்.

அதற்காக விளம்பரப் புத்தகத்தைப் பார்த்துக் கையெழுத்துப் போடக் கூடாது. பல குடியிருப்புகள் வடவள்ளி, தொண்டாமுத்தூர் என்று மலையடிவாரத்தில் இருக்கின்றன. காட்சி அருமை. நெஞ்சுவலி வந்தால் பீளமேட்டுக்கு நகரைக் குறுக்கே கடக்க வேண்டும். அவிநாசி சாலையில் 2025 அக்டோபரில் திறந்த 10.1 கிலோமீட்டர் மேம்பாலம் கொஞ்சம் உதவும், ஆனால் அதை எட்டுவதற்கே முதலில் நகருக்குள் நுழைய வேண்டும். சாப்பாடு பெரும்பாலும் சைவம் மட்டுமே. மீன் குழம்பு இல்லாமல் சோறு இறங்காதவர்கள், வீட்டில் சமைத்துக்கொள்ள அனுமதி உண்டா என்று முதல் நாளே கேட்க வேண்டும்.

பத்திரமும் இடத்துக்கு இடம் வேறு. சிலர் கிரயம் செய்து தருகிறார்கள், சிலர் பெரிய டெபாசிட் வாங்கி வாழ்நாள் குத்தகைக்குத் தருகிறார்கள். கிரயம் என்றால் பிள்ளைகளுக்குப் போகும், ஆனால் 50, 55 வயது ஆகாமல் அவர்கள் அதில் குடியிருக்க விதி விடாது. விற்கப் போனாலும் அதில் குடியேறுகிறவர் முதியவராகவே இருக்க வேண்டும் என்பதால் சந்தை சின்னது. குத்தகை என்றால் காலி செய்யும்போது டெபாசிட்டில் வருடத்துக்கு எவ்வளவு கழிப்பார்கள் என்று எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், எல்லோரும் கேட்கத் தயங்கும் இரண்டு கேள்விகள். மறதி நோய் வந்தால் இங்கேயே வைத்துப் பார்ப்பீர்களா, வெளியே அனுப்புவீர்களா? இறந்துபோனால், பிள்ளைகள் வரும்வரை உடலை ஃப்ரீசர் பெட்டியில் வீட்டிலேயே வைக்க விடுவீர்களா? ஒழுங்கான நிர்வாகம் இரண்டுக்கும் மழுப்பாமல் பதில் சொல்லும்.

என் கணக்கு இப்படி: அக்கம்பக்கத்தில் உறவு இருந்தால் சென்னை. நிரந்தரமாகத் தங்க முடிகிற மற்ற எல்லோருக்கும் 75 வரை அரை வருட வாசம், பிறகு கோவை. முதல் கட்டத்தை இரண்டாவதற்கு ஆயத்தமாகப் பயன்படுத்தினால்தான் இது பலன் தரும். இந்தியாவில் மருத்துவக் காப்பீடு எடுக்க 65 வயது என்றிருந்த எல்லையை 2024 ஏப்ரல் முதல் நீக்கிவிட்டார்கள். ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் மூன்று ஆண்டுதான். வந்து போகும் காலத்திலேயே பாலிசி எடுத்து அந்த மூன்று ஆண்டைக் கழித்துவிடலாம். நிரந்தரமாக வந்த பிறகு முதல் இரண்டு, சிலருக்கு மூன்று ஆண்டு வெளிநாட்டு வருமானத்துக்கு இங்கே பொதுவாக வரி வராது. பணத்தை ஒழுங்குபடுத்த வேண்டிய நேரம் அது.

வாங்குவதற்கு முன் இரண்டு மூன்று குடியிருப்புகளில் வாடகைக்கு இருந்து பாருங்கள், பெரும்பாலான இடங்களில் விடுகிறார்கள். டிசம்பரில் போகாதீர்கள், அப்போது எல்லா ஊரும் நன்றாகத்தான் இருக்கும். மே மாதம் போங்கள். மனைவி ஒரு வாரமாவது தனியாக அங்கே இருந்து பார்க்கட்டும், முடிவை அவர் சொல்லட்டும்.