‘2 மணி நேரத்தில் நெல்லை’ ஹெரிடேஜ் வாக்: அட்வான்ஸ் கட்டும் முன் இதைப் படியுங்கள்

விளம்பரத்தில் போட்டிருந்தது: 2 மணி நேரம், 9 இடங்கள், தலைக்கு 499 ரூபாய், 12 பேருக்கு மேல் சேர்க்க மாட்டோம், அனுபவமுள்ள கைடு, அல்வா எங்கள் செலவு. நடந்தது: 34 பேர், நடந்து பார்த்தது கோவிலில் பாதி, ஆட்டோவுக்குத் தலைக்கு 100 ரூபாய், “ஸ்பெஷல் தரிசனம்” என்று இன்னொரு 100 ரூபாய், இதற்கெல்லாம் ஒரு துண்டுச் சீட்டுகூட ரசீது இல்லை. மொத்த நேரத்தில் 40 நிமிடம் அல்வாக் கடையில் போனது.

ஏற்பாடு செய்தவர்களின் பெயர் இங்கே தேவையில்லை. இன்று ஒரு பெயர், அடுத்த மாதம் வேறு பெயர். ஆனால் ஏமாற்றும் முறை ஒன்றேதான், அது அந்த விளம்பரத்திலேயே தெரிகிறது. ஊரைத் தெரிந்தவர்களுக்கு உடனே பிடிபடும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் தெரிவதில்லை.

முதல் தில்லுமுல்லு அந்த 9 இடங்கள் என்ற பட்டியலில் இருக்கிறது. நெல்லையப்பர் கோவில் டவுனில். சுலோசன முதலியார் பாலம் ஜங்ஷனுக்கு அந்தப் பக்கம், தாமிரபரணி மேல். ஊசிக் கோபுரம் என்ற தேவாலயமும் பழைய கோட்டையின் மிச்சமும் பாளையங்கோட்டையில். டவுன், ஜங்ஷன், பாளை மூன்றும் ஒரே மாநகராட்சி என்றாலும் அடுத்தடுத்த தெருக்கள் இல்லை. டவுனிலிருந்து ஜங்ஷனுக்கே நல்ல நடை. அங்கிருந்து ஆற்றைத் தாண்டிப் பாளைக்கு அதே அளவு இன்னொரு நடை. இந்த மூன்றையும் 2 மணி நேரத்தில் நடந்தே பார்க்க யாராலும் முடியாது. ‘வாக்’ என்று பணம் வாங்கிவிட்டு, வெயில் ஏறியதும் “அண்ணாச்சி, எல்லாரும் களைச்சிட்டிய, ஆட்டோ பிடிச்சிருவோமா?” என்று கேட்பது முன்கூட்டியே போட்ட கணக்கு. டவுன் பஸ்ஸில் ஏறினால் அந்த 100 ரூபாயில் சிறு பங்குதான் ஆகும். பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் கட்டணமே கிடையாது.

இரண்டாவது, நேரம். காலை 10 மணிக்குக் கீழ ரத வீதியில் கூடச் சொன்னார்கள். தாமதமாக வந்தவர்களுக்காகக் காத்திருந்து, கோபுர வாசலில் ஊர்ப் பெயர்க் கதையை முக்கால் மணி நேரம் இழுத்து, உள்ளே போகும்போது 11:40. வேணுவனம், நெல்லுக்கு வேலி எல்லாம் சொல்ல வேண்டிய கதைதான், ஆனால் 5 நிமிடக் கதை. மதியம் நடை சாத்திவிட்டால் பிறகு மாலை 4 மணி வாக்கில்தான் திறப்பார்கள். 12 மணிக்கு மேல் கோவில் ஊழியர்கள் ஆட்களை வெளியே அனுப்பத் தொடங்கியதும் கைடு சொன்னது: “நடை சாத்தப் போறாவ, மிச்சத்தை வெளியில வச்சுச் சொல்லிருதேன்.” சொல்லவில்லை.

அந்த மிச்சம் என்ன என்று தெரிந்தால்தான் நஷ்டம் புரியும். நெல்லையப்பருக்கும் காந்திமதி அம்மனுக்கும் இருப்பது தனித்தனிக் கோவில்கள். இரண்டையும் இணைப்பது சங்கிலி மண்டபம், 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் கட்டியது. அந்த மண்டபத்தில் நடந்தால்தான் இது இரண்டு கோவில் என்பதே கண்ணுக்குப் புலப்படும். அப்புறம் தாமிர சபை. சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, குற்றாலம் சித்திரம், திருவாலங்காடு ரத்தினம் என்று நடராஜரின் ஐந்து சபைகளில் செம்பு நம்முடையது. அங்குள்ள மர வேலைப்பாட்டை நின்று பார்க்கவே கால் மணி நேரம் வேண்டும். ஊஞ்சல் மண்டபம் வேறு. இவை மூன்றையும் காட்டாமல் நெல்லையப்பர் கோவிலைக் காட்டினேன் என்று ஒருவர் சொன்னால், அவர் வாசலைத்தான் காட்டியிருக்கிறார். கோவிலுக்கு மட்டும் ஒன்றரை மணி நேரம் ஒதுக்காத எந்தத் திட்டத்தையும் ஏற்க வேண்டாம்.

உள்ளே காட்டிய ஒன்றே ஒன்று மணி மண்டபத்து இசைத் தூண்கள். அதையும் கெடுத்தார்கள். நடுவில் ஒரு பெரிய தூண், அதைச் சுற்றி மெல்லிய சிறு தூண்கள், எல்லாம் ஒரே கல்லில் குடைந்தவை. கனமும் உயரமும் மாற மாற ஒலி மாறும். விரல் முட்டியால் மெதுவாகத் தட்டினாலே காதை வைத்தால் கேட்கும். ஆனால் 34 பேர் சுற்றி நின்றால் எப்படிக் கேட்கும்? கைடு சட்டைப் பையிலிருந்து 10 ரூபாய் நாணயத்தை எடுத்து ஓங்கித் தட்டினார், பிறகு பிள்ளைகளிடமும் கொடுத்தார். கிட்டே போய்ப் பார்த்தால் அந்தச் சிறு தூண்களில் இடுப்பு உயரத்தில் மட்டும் கல் வழவழப்பாகி, ஆங்காங்கே வெள்ளைப் புள்ளியாகச் சிதைந்திருப்பது தெரியும். நாணயமும் சாவியும் செய்த வேலை அது. கல் உடைந்தால் ஒட்டவைக்க முடியாது, ஒட்டினாலும் ஒலிக்காது. நாணயத்தை எடுக்கும் கைடை அந்த இடத்திலேயே தடுங்கள். 12 பேர் என்ற வரம்பு ஆடம்பரம் இல்லை, இது போன்ற இடத்தில் பார்க்கவும் கேட்கவும் அதுதான் எல்லை.

“ஸ்பெஷல் தரிசனம்” பணம் பற்றி ஒரே வார்த்தை: இந்து சமய அறநிலையத் துறைக் கோவிலில் எந்தக் கட்டணமானாலும் கவுண்ட்டரில் அச்சிட்ட சீட்டு உண்டு. சீட்டு கையில் வராத பணம் கோவிலுக்குப் போகவில்லை.

செருப்பு விஷயம் சின்னது போலத் தோன்றும். சுவாமி சன்னதி வாசலில் செருப்பை விடச் சொல்லி, வெளியே வருவதற்கு அம்மன் சன்னதி வாசல் வழியாக அழைத்து வந்தார்கள். இரண்டு வாசலும் கிழக்கே பார்த்தவை, ஒரே தெரு, ஆனால் நடுவில் வெயிலில் காய்ந்த தார் ரோடு. மதியம் 12:30 மணிக்கு வெறுங்காலோடு வயதானவர்களும் குழந்தைகளும் அந்த ரோட்டில் ஓட வேண்டியிருந்தது. இந்தக் கோவிலை ஒரு தடவையாவது சுற்றிக் காட்டியவர் செய்யாத தவறு இது. நடை தொடங்கும்போதே “செருப்பை எங்கே விடணும், எந்த வாசல் வழியா வெளியே வருவோம்?” என்று கேட்டுப் பாருங்கள். திணறினால் அவருக்குக் கோவில் தெரியாது.

அடுத்து அல்வா. “இருட்டுக்கடை அல்வா வாங்கித் தாரோம்” என்று அழைத்துப் போன கடையில் 12:45 மணிக்கு வியாபாரம் மும்முரமாக நடந்தது. அதிலேயே விடை இருக்கிறது. இருட்டுக்கடை கீழ ரத வீதியில் கோவிலுக்கு எதிரே இருப்பது, மாலையில்தான் விற்பனை. மதியம் திறந்திருக்கும் எந்தக் கடையும் அது இல்லை. கைடு அழைத்துப் போன கடையில் ஆளுக்கு ஒரு விரல் நுனி அளவு இலவசம், பிறகு அரைக் கிலோ டப்பாக்களை அடுக்கி வைத்து வாங்கச் சொல்லும் நெருக்கடி. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்று: கட்டின டப்பா என்றால் நிகர எடை, தயாரித்த தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் மேலே அச்சிட்டிருக்க வேண்டும். அன்று கொடுத்த டப்பாவில் கடைப் பெயரையும் கோபுரப் படத்தையும் தவிர வேறெதுவும் இல்லை. சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுத்து நெய்யில் கிண்டிய அல்வா சூடாக வாழை இலைத் துண்டில் வைத்தால் வழுக்கும், நெய் கையில் ஒட்டும். மேலே நெய் உறைந்து, விரலால் அழுத்தினால் ரப்பர் போலத் திரும்பி எழும்பினால் அது பழைய சரக்கு, அல்லது மாவுச் சரக்கு. நல்ல அல்வா விற்கும் கடைகள் டவுனில் நிறைய உண்டு. தட்டில் வாங்கித் தின்று பார்த்த பிறகு, கண் முன்னால் எடை போட்டு வாங்குங்கள்.

பாளையங்கோட்டையில் ஆட்டோவை விட்டு இறங்கி நின்றது 10 நிமிடம். ஆனால் அந்த 10 நிமிடத்தில் சொன்ன பொய்கள்தான் மனதை அதிகம் அறுக்கின்றன. பணம் போனால் போகட்டும், பிள்ளைகள் அதை நம்பிவிடுவார்களே. கட்டபொம்மனைத் தூக்கிலிட்டது பாளைக் கோட்டையில் என்றார் கைடு. இல்லை. 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாறில். பாளையங்கோட்டையில் அடைபட்டிருந்தவர் அவர் தம்பி ஊமைத்துரை. 1801 பிப்ரவரியில் அங்கிருந்து தப்பித்து, இடித்துத் தரைமட்டமாக்கிய பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையை மீண்டும் எழுப்பினார். கலெக்டர் ஆஷ் துரையைச் சுட்டது திருநெல்வேலி ஜங்ஷன் பிளாட்பாரத்தில் என்றார். அதுவும் இல்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில், வாஞ்சிநாதன் சுட்டது. அந்த ரயில் நிலையத்துக்குப் பெயரே இன்று வாஞ்சி மணியாச்சி. 1908 மார்ச் 13 அன்று, வ.உ.சி. கைதானதைக் கேட்டு இதே டவுன் எழுந்து நின்றது, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் நான்கு பேர் செத்தார்கள். அதைப் பற்றி டவுனில் நின்றபோது ஒரு வார்த்தை வரவில்லை.

பாலத்தை ஆட்டோவிலேயே கடந்து, “பிரிட்டிஷ்காரங்க கட்டினது” என்று முடித்துக்கொண்டார்கள். 1843-இல் திறந்த அந்தப் பாலத்துக்குத் தன் கைப்பணத்தைக் கொடுத்தவர், கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தார் (தலைமை அலுவலர்) வேலை பார்த்த சுலோசன முதலியார். அதனால்தான் கலெக்டர் பெயரோ கவர்னர் பெயரோ இல்லாமல் அவர் பெயர் நிற்கிறது. இன்னொன்று: பாலத்தின் மேலே நின்றால் பாலம் தெரியாது. கொக்கிரகுளம் பக்கம் ஆற்றங்கரைக்கு இறங்கிப் பார்த்தால்தான் அந்த 11 வளைவுகளும் தெரியும். இறங்காத சுற்றுலாவில் அந்த இடத்தை ‘பார்த்த இடம்’ கணக்கில் சேர்ப்பது மோசடி.

சரியாக நடத்தினால் இது இரண்டு தனி நடை. டவுன் காலை 6:30-க்குத் தொடங்கி 9 மணிக்குள் முடிய வேண்டும்: கோவில் ஒன்றரை மணி நேரம், பிறகு நான்கு ரத வீதிகள், தேர் நிற்கும் இடம், வாகையடி முக்கு, இடையில் ஒரு காப்பி. பாளை மாலை 4 மணிக்கு மேல்: மேடை போலீஸ் ஸ்டேஷனில் தெரியும் கோட்டை வாசல், 1785-இல் எழுந்த குளோரிந்தா கோவில் என்ற தேவாலயம், 1826-இல் மிஷனரி ரேனியஸ் காலத்தில் கட்டிய ஊசிக் கோபுரம். ஆனித் தேரோட்டச் சமயத்தில் டவுன் நடையையே வைத்துக்கொள்ளாதீர்கள், அப்போது ரத வீதி தேருக்குச் சொந்தம்.

பணம் கட்டும் முன் நான்கைந்து கேள்விகளை வாட்ஸாப்பில், எழுத்தில் கேளுங்கள். எங்கே தொடங்கி எங்கே முடியும், எது நடை எது வண்டி? அதிகபட்சம் எத்தனை பேர்? கைடின் பெயர், சுற்றுலாத் துறை அடையாள அட்டை உண்டா? அட்டையில் போட்டோவும் செல்லுபடித் தேதியும் இருக்கும், நேரில் வாங்கிப் பாருங்கள். கட்டணத்துக்கு மேல் வேறு என்ன செலவு? பில் தருவீர்களா? போனில் தேனாகப் பேசுகிறவர்கள் எழுத்தில் கேட்டதும் நழுவுவார்கள். யு.பி.ஐ.யில் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் நிறுவனத்தின் பெயரா, யாரோ ஒரு தனி ஆளின் பெயரா என்று ஒரு நொடி நின்று பாருங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் விளம்பரத்தை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள், அவர்கள் அதை அழித்துவிடுவார்கள். யு.பி.ஐ. பரிவர்த்தனை எண், வாட்ஸாப் உரையாடல், கூட்டத்தின் போட்டோ (34 பேர் என்பதற்குச் சாட்சி அதுதான்) எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, தமிழிலும் பேசலாம். பில் தர மறுப்பதே 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உதவி எண்ணில் சரியாகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். சென்னையிலோ கோவையிலோ இருப்பவர்கள் இதற்காகத் திருநெல்வேலிக்கு வர வேண்டியதில்லை, குடியிருக்கும் ஊரின் ஆணையத்திலேயே போடலாம். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே வரவில்லை என்றால் அது வேறு, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.