மூன்று கோர்ஸ் மாத்திரை, அப்புறம்தான் ரூட் கெனால்

கீழ்க் கடைவாய்ப்பல்லில் சொத்தை இருப்பது இரண்டு வருஷமாகவே தெரியும். குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். மறுபக்கமாக மென்று காலத்தை ஓட்டினேன். பிறகு ஒரு வாரம் ராத்திரி தூங்க விடாமல் தெறித்தது. ஒருநாள் காலையில் பார்த்தால் வலி சுத்தமாக இல்லை. தானாகவே சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், பாருங்கள்! உள்ளே நரம்பு செத்துப்போனதால்தான் வலி நின்றிருக்கிறது.

அப்புறம் ஈறில் கடுகளவு கொப்புளம். முதலில் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) எக்ஸ்ரேகூட எடுக்காமல் ஆன்டிபயாட்டிக் எழுதினார்கள். அடங்கும், மறுபடி வரும். மூன்று கோர்ஸ் முடித்தேன்.

இப்போது எழுதுவது இரண்டாவதாகப் போன கிளினிக்கைப் பற்றி. உட்கார்ந்ததும் அந்த டாக்டரம்மா கேட்டது: காய்ச்சல் உண்டா, வாய் முழுசாகத் திறக்க முடிகிறதா, விழுங்கும்போது கஷ்டமா? கீழ்ப்பல் சீழ் நாக்குக்கு அடியில் இறங்கினால் மூச்சையே அடைக்குமாம். அப்படியிருந்தால் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் என்றார். எனக்கு அதெல்லாம் இல்லை.

அடுத்து செய்ததுதான் எனக்குப் பிடித்தது. ஊசி மாதிரி மெல்லிய ரப்பர் குச்சி ஒன்றை அந்தக் கொப்புளத்தின் ஓட்டைக்குள் மெதுவாக விட்டு, அப்படியே எக்ஸ்ரே எடுத்தார். படத்தில் வெள்ளைக் கோடு வளைந்து போய் வேர் நுனியில் நின்றது. அதைச் சுற்றிக் கருப்பாக ஒரு திட்டு, தொற்றால் எலும்பு கரைந்த இடம். "சீழ் இங்கேருந்து வருது. செத்த பல்லுக்குள்ள ரத்த ஓட்டமே கிடையாதுங்க, மாத்திரை எப்படி உள்ளே போகும்?" மூன்று கோர்ஸ் விழுங்கியபோது இதை யாருமே சொல்லவில்லை.

இரண்டு சிட்டிங். அந்தப் பல் மட்டும் வெளியே தெரிகிற மாதிரி ரப்பர் ஷீட் மாட்டினார். இந்தப் பல்லின் வேர்களுக்குள் நரம்பு ஓடும் கால்வாய் பெரும்பாலும் மூன்றுதான் இருக்குமாம், எனக்கு நான்கு. நான்காவதைத் தேடவே நேரம் போனது. ஒவ்வொன்றையும் ஃபைல் என்கிற மெல்லிய அரம் போட்டு ராவி, ப்ளீச் வாசனை அடிக்கிற மருந்தால் திரும்பத் திரும்பக் கழுவி, உள்ளே கால்சியம் மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து அனுப்பினார். வலி இல்லை, தாடைதான் விட்டுப்போனது. பத்து நாளில் கொப்புளம் போயே போச்சு. அடுத்த சிட்டிங்கில் கால்வாய்களை நிரப்பி மூடினார்.

குறை இல்லாமல் இல்லை. அப்பாயின்ட்மென்ட் வாங்கிப் போயும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். பல்லுக்கு மேல் கேப் (உறை) போடாவிட்டால் பல் பிளந்துவிடலாம், கேப்புக்குத் தனிச் செலவு என்பதைக் கடைசி நாளில்தான் சொன்னார்கள். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா? அதற்காக ஒரு ஸ்டாரைக் குறைக்கிறேன். ஐந்துக்கு நான்கு.

ஆறு மாசம் கழித்து மறுபடி எக்ஸ்ரே எடுத்தார்கள். அந்தக் கருப்புத் திட்டு பாதியாகச் சுருங்கியிருக்கிறது.