பழைய அமெரிக்க கார்: ஜன்னல் ஸ்டிக்கரை நம்புவதா, சீட்டுக்கு அடியில் கிடந்த தாளை நம்புவதா?

1969 செவர்லே கேமரோ ஒன்று விற்பனைக்கு வருகிறது. அசல் இஸட்/28, அதாவது வேகத்துக்கான சிறப்புத் தொகுப்போடு வந்த வண்டி என்கிறார் விற்பவர். வின் எண்ணை, அதாவது வண்டிக்கு வண்டி தனியாகத் தொழிற்சாலை தரும் அடையாள எண்ணைப் பார்த்தால் 124379 என்று தொடங்குகிறது. அது வி8 இன்ஜின் பொருத்திய 1969 கூப்பே என்பதற்கு மேல் அந்த எண் எதுவும் சொல்லாது. சாதாரண 307 இன்ஜின் வண்டிக்கும் அதே தொடக்கம்தான். எந்த இன்ஜின் என்பதை வின் எண்ணிலேயே செவர்லே சொல்ல ஆரம்பித்தது 1972 மாடலில்தான். அன்றைக்கு இஸட்/28 என்பது ஆரம்பத்தில் 458.15 டாலருக்குக் கிடைத்த ஒரு கூடுதல் தொகுப்பு. இன்றைக்கு அது இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து வண்டியின் விலையே மாறிவிடும். பேட்ஜ், பட்டைக்கோடு, ஏன், இன்ஜின்கூட வெளியே வாங்கிப் பூட்டலாம். இன்ஜின் பிளாக்கில் உள்ள எழுத்துகளைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிதாக அடிப்பவர்களும் உண்டு. அதனால் கடைசியில் பேச்சு காகிதத்தில் வந்து நிற்கும்.

முதலில் ஜன்னல் ஸ்டிக்கர். அமெரிக்காவில் இதை மன்ரோனி ஸ்டிக்கர் என்பார்கள். அதற்கு முன் டீலர் சொன்னதுதான் விலை. ஓக்லஹோமா செனட்டர் மைக் மன்ரோனி கொண்டுவந்த சட்டத்தில் 1958 ஜூலையில் ஐசனோவர் கையெழுத்திட்டார்; 1959 மாடல்களிலிருந்து ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் விவரத்தாள் ஒட்டியாக வேண்டும் என்றானது. அடிப்படை விலை, ஒவ்வொரு கூடுதல் பொருளின் விலை, கொண்டுவந்த செலவு, வண்டியைப் பூட்டிய ஊர், எந்த டீலருக்குப் போனது, எல்லாம் அதில் இருக்கும். வாங்குபவர் கைக்குப் போகும் முன் அதைக் கிழித்தால் 1,000 டாலர் வரை அபராதம், ஒரு வருடம் வரை சிறை.

வாங்கியவர் கிழிக்கலாமே. கிழித்தார்கள், குப்பையில் போட்டார்கள். மிஞ்சியவை குறைவு என்பதால்தான் இன்று மதிப்பு. வின் எண்ணும் விலைப்பட்டியலும் ஒரே தாளில் இருப்பதால் சாட்சியமாகவும் வலுவானது. ஆனால் வண்டி பிறந்தபோது எப்படி இருந்தது என்றுதான் அது சொல்லும். அந்த இன்ஜின் இப்போதும் உள்ளே இருக்கிறதா என்பதை பானெட்டைத் திறந்துதான் பார்க்க வேண்டும்.

பில்ட் ஷீட்டின் கதை வேறு. இது வாடிக்கையாளர் கண்ணில் பட வேண்டிய தாளே அல்ல. தொழிற்சாலையில் எந்த வண்டிக்கு எந்த ஆக்ஸில், எந்தக் கார்புரேட்டர் என்று பூட்டுபவர்களுக்குக் குறியீடுகளில் அச்சடித்துக் கொடுத்தது. வேலை முடிந்ததும் அங்கேயே விட்டுவிட்டார்கள். பின்சீட்டு ஸ்பிரிங்குக்குள்ளே, பெட்ரோல் டேங்க்கின் மேலே என்று இப்போது கிடைக்கிறது. 1967-க்குப் பிந்தைய கார்வெட்டுகளில் டேங்க் மேலேயே ஒட்டிவிட்டார்கள். பெரும்பாலும் எலி கடித்து, துருக்கறை படிந்து, பாதி எழுத்து அழிந்துதான் வரும். விலைப்பட்டியல் எதுவும் அதில் இருக்காது. ஆனால் இஸட்/28-ஆ இல்லையா என்ற கேள்விக்கு எனக்கு ஸ்டிக்கரைவிட இதுவே பிடிக்கும். பூட்டியவனுக்கு எழுதிய தாளில் விளம்பரத்துக்கு வேலையில்லை. ஒன்றே ஒன்று: தொழிலாளி பக்கத்து வண்டியின் தாளை இந்த வண்டியில் போட்டுவிட்டுப் போனதும் நிறைய நடந்திருக்கிறது. தாளில் உள்ள எண்ணும் வண்டியின் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, தயாரித்த நிறுவனத்தின் பழைய பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் சான்று. கிடைக்குமென்றால் மற்ற இரண்டையும் இதுதான் முந்தும், ஏனென்றால் விற்பவர் கைபடாமல் நேராக நம்மிடம் வருகிறது. 1964 பான்டியாக் ஜிடிஓ நல்ல உதாரணம். அப்போது ஜிடிஓ தனி மாடல் அல்ல, லெமான்ஸ் காருக்கான ஒரு தொகுப்பு. வின் எண்ணில் தெரியாது. 1966-இல்தான் 242 என்ற தனி அடையாளம் வந்தது. ஆனால் பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸில் பணம் கட்டினால் 1961 முதலான வண்டிகளுக்குத் தொழிற்சாலை பில்லின் நகலே வந்துவிடும். ஃபோர்டு என்றால் 1967 முதலான வண்டிகளுக்கு, ஃபோர்டின் பதிவுகளை வைத்து மார்ட்டி என்ற நிறுவனம் தரும் மார்ட்டி ரிப்போர்ட் இருக்கிறது. செவர்லே ரசிகர்களுக்குத்தான் கொடுப்பினை இல்லை. அந்தக் காலத்து கேமரோவுக்கு அமெரிக்காவில் இப்படி வண்டிவாரியான பதிவு கிடையாது. கனடாவில் விற்ற வண்டி என்றால், செவர்லேயின் தாய் நிறுவனமான ஜிஎம்மின் கனடா பிரிவிடம் கேட்டுப் பார்க்கலாம். அதனால்தான் கேமரோவில் எலி கடித்த தாளுக்குக்கூட அவ்வளவு மவுசு. ஃபோர்டில் அதே தாள் இருந்தால் சந்தோஷம், இல்லாவிட்டால் குடி முழுகிப் போகாது.

அப்புறம் நகல் ஸ்டிக்கர். கார் கண்காட்சியில் கண்ணாடியில் ஒட்டி வைக்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். நாம் சொல்லும் விவரத்தைப் போட்டு அச்சடித்துத் தருவதற்குச் சாட்சி மதிப்பு பூஜ்யம். பதிவை வைத்தே மார்ட்டி அச்சடித்துத் தரும் நகலுக்கு ஓரளவு மரியாதை உண்டு. அதுவும் அந்தப் பதிவுக்கான மரியாதைதான். ஐம்பது வருடத் தாள் மடிப்புகூட இல்லாமல் பளபளவென்று இருந்தால், எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேளுங்கள்.

புதுக் காருக்கு வந்தால் போட்டி வேறு இரண்டு தாள்களுக்கு இடையே. ஒன்று தொழிற்சாலை ஸ்டிக்கர். மைலேஜ் விவரம், பாதுகாப்பு நட்சத்திரங்கள் எல்லாம் பிற்பாடு அதில் சேர்ந்தன. பக்கத்தில் டீலர் ஒட்டும் இன்னொரு தாள் இருக்கும்: டயரில் நைட்ரஜன், பெயின்ட் பாதுகாப்பு, சந்தை நிலவரத்துக்கான கூடுதல் தொகை. பேரம் பேச வேண்டியது முக்கியமாக இந்த இரண்டாவது தாளில்.

பழசாக்கி விற்கும்போது முதல் தாள் கைகொடுக்கும். இழுவைத் தொகுப்பு, டிரைவர் உதவி வசதிகள் போன்றவை வின் எண்ணில் பெரும்பாலும் தெரியாது, ஸ்டிக்கரில் தெரியும். அதற்காக அதுவே விலையை ஏற்றிவிடும் என்று நினைக்க வேண்டாம். சமீபத்திய வண்டிகள் பலவற்றுக்கு வின் எண்ணைக் கொடுத்தாலே ஸ்டிக்கரின் பிடிஎஃப் கிடைத்துவிடுகிறது. குறைந்த எண்ணிக்கையில் வந்த மாடல் என்றால் மட்டும் அசல் தாளைப் பத்திரப்படுத்துவேன். பிளேடு போட்டுச் சுரண்டாமல் ஹேர் டிரையரில் சூடுகாட்டி மெதுவாக உரித்து, மடிக்காமல், வாங்கிய பில்லோடு சேர்த்து ஒரு ஃபைலில் வைத்தால் போதும். லேமினேட் செய்ய வேண்டாம். பிற்பாடு தாளைத் தொட்டுப் பார்த்து அசலா என்று சோதிக்க வழியில்லாமல் போய்விடும்.