மெல்லச் செல்லும் கனத்த ஈயக் குண்டு: .300 பிளாக்அவுட்டா, .45-70யா, .38 ஸ்பெஷலா?

துப்பாக்கி வெடிக்கும்போது நம் காதில் விழுவது ஓர் ஓசையன்று, இரண்டு. எரிந்த வெடிமருந்தின் வாயு குழல்வாயிலிருந்து பீறிட்டு வெளியேறும் முழக்கம் ஒன்று. குண்டு ஒலியை முந்திக்கொண்டு பறப்பதால் காற்றில் எழும் சாட்டையடி போன்ற வெடிப்பு மற்றொன்று. முன்னதைச் சைலன்சர் பெருமளவு மட்டுப்படுத்தும். பின்னதைக் குழலில் எதை மாட்டினாலும் அடக்க முடியாது. குண்டின் வேகத்தை ஒலியின் வேகத்துக்குக் கீழே வைப்பது ஒன்றே வழி. காற்றின் வெப்பநிலை 20 டிகிரி செல்சியஸாக இருக்கையில் ஒலி நொடிக்கு 343 மீட்டர் செல்லும். 0 டிகிரியில் அது 331 மீட்டராகக் குறைந்துவிடும். கோடையில் அடங்கிச் சென்ற தோட்டா பனிக்காலத்தில் வெடிப்பொலி எழுப்புவதற்கு இந்த வேறுபாடே காரணம் என்பதால், இவ்வகைத் தோட்டாக்களைத் தாமே (கூட்டில் மருந்தும் குண்டும் வைத்து) நிரப்பிக்கொள்பவர்கள் பெரும்பாலும் நொடிக்கு 300 முதல் 315 மீட்டர் வரை என்ற எல்லைக்குள் நின்றுவிடுகிறார்கள்.

வேகத்துக்கு இப்படி உச்சவரம்பு விழுந்துவிட்டால், குண்டின் ஆற்றலைக் கூட்ட எடையைக் கூட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்த எடையைக் குண்டை நீளமாக்கிப் பெறுவதா, பருமனாக்கிப் பெறுவதா என்பதே இங்கே ஒப்பிடப்படும் மூன்று தோட்டாக்களையும் பிரிக்கும் கேள்வி. பருமன்தான் சரியான விடை என்பது என் கருத்து. சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கித் துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டும் அது பொருந்தாது.

தோட்டாவைத் தாமே நிரப்பும் இந்தப் பொழுதுபோக்கு வேரூன்றியிருப்பது அமெரிக்காவில். சொந்தப் பயன்பாட்டுக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள அங்கே கூட்டரசு உரிமம் தேவையில்லை, விற்பதற்கே தேவை. சைலன்சர் 1934ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் வருவதால் அதைப் பதிவு செய்தாக வேண்டும். சில மாநிலங்கள் அதை முற்றாகவே தடை செய்துள்ளன. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதே குற்றம் என்பதால், இங்குள்ள வாசகருக்கு இது படித்து அறிய வேண்டிய செய்தி மட்டுமே.

செப்பு உறையிட்ட குண்டை விட்டுவிட்டு வார்ப்பு ஈயக் குண்டை நாடுவதற்குச் சிக்கனம் மட்டுமே காரணமன்று. உறையிட்ட குண்டு, தன்னைச் சுழற்றிவிடும் குழலின் முறுக்குக் காடிகளில் கடுமையாக உராய்வதால் அதைத் தள்ளக் கணிசமான அழுத்தம் வேண்டும். மருந்து மிகவும் குறைந்தால் அது குழலின் நடுவிலேயே நின்றுவிடக்கூடும், அதை அறியாமல் அடுத்ததைச் சுட்டால் குழல் பிளக்கும். மென்மையான, மசகு பூசிய ஈயம் குறைந்த அழுத்தத்திலும் வழுக்கிக்கொண்டு வெளியேறிவிடும். மெதுவேகத்துக்கு ஈயம் இயல்பாகவே பொருந்துகிறது எனலாம்.

முதலில் .300 பிளாக்அவுட். 1990களின் தொடக்கத்தில் ஜே. டி. ஜோன்ஸ் உருவாக்கிய .300 விஸ்பர் தோட்டாவின் வழியில் வந்த இது, 2011இல் அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பான சாமியின் (SAAMI) ஏற்பைப் பெற்றது. ஏஆர்-15 துப்பாக்கியில் குழலை மட்டும் மாற்றினால் போதும். போல்ட்டும் தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் பழையவையே. சுடுகளத்தில் சிதறிக் கிடக்கும், ஏஆர்-15இன் வழக்கமான தோட்டாவான .223இன் பித்தளைக் கூடுகளை வெட்டி, மறுவடிவம் கொடுத்து இதற்கான கூட்டைச் செய்துகொள்ளலாம் என்பதால் கூட்டுக்கென்று தனிச் செலவில்லை. மெதுவேகத்துக்கு வழக்கமான குண்டு 220 கிரெய்ன், அதாவது சுமார் 14.3 கிராம், நொடிக்கு 310 மீட்டர் வேகத்தில் அதன் ஆற்றல் ஏறத்தாழ 690 ஜூல்.

கூடு சிறியது என்பது இதன் பெரிய பலம். சிறிதளவு மருந்தே கூட்டின் பெரும்பகுதியை நிரப்பிவிடுவதால், துப்பாக்கியை மேல்நோக்கிப் பிடித்தாலும் கீழ்நோக்கிப் பிடித்தாலும் கூட்டின் அடியிலிருந்து மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமருக்கு அருகிலேயே மருந்து இருக்கும். ஒவ்வொரு முறை சுடும்போதும் வேகம் அதிகம் மாறாது. பலவீனம் குண்டின் நீளத்தில் இருக்கிறது. 7.8 மில்லிமீட்டர் விட்டத்துக்குள் இவ்வளவு எடையை அடைக்க வேண்டுமானால் குண்டின் நீளம் விட்டத்தைப் போல நான்கு மடங்கைத் தாண்டிவிடுகிறது. நீண்ட குண்டு காற்றில் தலைகுப்புறக் கவிழாமல் செல்ல அதை வேகமாகச் சுழற்ற வேண்டும். விட்டத்தையும் நீளத்தையும் கொண்டு தேவையான முறுக்கைக் கணக்கிடும் சூத்திரத்தை ஜார்ஜ் கிரீன்ஹில் 1879இலேயே தந்துவிட்டார். அதனால்தான் பிளாக்அவுட் குழல்களில் 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று, சிலவற்றில் 7 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று நெருக்கமான முறுக்கு வைக்கிறார்கள். சுழற்சி போதாத நீண்ட குண்டு சைலன்சருக்குள்ளேயே தள்ளாடி, உள்தகடுகளில் மோதி, விலையுயர்ந்த கருவியைப் பாழாக்கிவிடும்.

அரைத் தானியங்கி என்பதாலும் சில தொல்லைகள் சேர்கின்றன. தோட்டாவின் மொத்த நீளம் மேகசினுக்குள் அடங்க வேண்டும். தட்டை மூக்குக் குண்டு தோட்டா அறைக்குள் ஏறும் சரிவில் இடறும். துப்பாக்கியை இயக்கும் வாயு போதுமான அளவு கிடைக்கும்படி மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் மேலான ஆபத்து ஒன்று உண்டு. .300 பிளாக்அவுட் தோட்டா .223 மேகசினில் சிக்கலின்றிப் பொருந்தும் என்பதால், இரண்டு வகைத் துப்பாக்கியும் வைத்திருக்கும் வீட்டில் அது தவறான அறைக்குள் புகுந்து வெடித்தால் துப்பாக்கி சிதறும். மேகசின்களுக்கு நிறம் பூசியோ பட்டை ஒட்டியோ பிரித்து வைப்பது இங்கே அலங்காரத்துக்காக அன்று.

.45-70 இதற்கு நேரெதிர். அமெரிக்க ராணுவம் 1873இல் ஸ்பிரிங்ஃபீல்டு டிராப்டோர் துப்பாக்கியோடு ஏற்ற இத்தோட்டாவின் பெயரில் உள்ள 70, அதில் நிரப்பிய கரும்மருந்தின் கிரெய்ன் அளவு. குதிரைப்படையினர் தம் குட்டைக் குழல் துப்பாக்கிக்கு 55 கிரெய்ன் மருந்தோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பதைப் பார்த்தால், கனத்த குண்டை மெல்ல அனுப்பும் கலை புதிதன்று என்பது விளங்கும். 405 கிரெய்ன், அதாவது 26.2 கிராம் குண்டு நொடிக்கு 310 மீட்டரில் சுமார் 1,260 ஜூல் ஆற்றலைத் தாங்கிச் செல்கிறது. பிளாக்அவுட்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. இவ்வளவு கனத்துக்கும் குண்டின் நீளம் விட்டத்தைப் போல இரண்டரை மடங்கைத் தாண்டுவதில்லை. 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மார்லின் 1895 நீள்துப்பாக்கியின் சோம்பலான முறுக்கே அதற்குத் தாராளமாகப் போதும். குண்டு இலக்கில் விரிய வேண்டிய கட்டாயமும் இல்லை, பறக்கும்போதே 11.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள அதற்கு ஒரு தட்டை மூக்கு மட்டும் இருந்தால் காட்டுப்பன்றி வேட்டைக்குக்கூட அது போதுமானது. பிளாக்அவுட்டின் மெல்லிய குண்டு மெதுவேகத்தில் விரியாவிட்டால் ஊசியாகத் துளைத்துக்கொண்டு போய்விடும்.

ஆனால் .45-70 நிரப்புபவரிடம் அதிகக் கவனத்தைக் கேட்கிறது. கூட்டின் கொள்ளளவு பிளாக்அவுட்டைப் போலச் சுமார் மூன்று மடங்கு. மெதுவேகத்துக்கான விரைந்து எரியும் மருந்தோ அதன் அடியில் ஒரு கைப்பிடி அரிசியைப் பானையில் போட்டதுபோல் கிடக்கும். குழலை உயர்த்திவிட்டுக் கிடைமட்டமாக்கிச் சுட்டால் மருந்து ப்ரைமர் பக்கம் குவிந்து ஒரு வேகமும், தாழ்த்திவிட்டுச் சுட்டால் குண்டின் பக்கம் சாய்ந்து வேறொரு வேகமும் கிடைப்பதை வேகமானி காட்டிக்கொடுத்துவிடும். இதைத் தவிர்க்கச் சிலர் பஞ்சு போன்ற செயற்கை இழையை நிரப்பியாகத் திணிக்கிறார்கள். தோட்டா அறையில் வளையத் தழும்பு விழும் அபாயம் உண்டு என்பதால் நான் அந்த வழியைப் பரிந்துரைக்கமாட்டேன். வடைபோல் நடுவில் துளையிட்ட துகள்களால் ஆன, இடத்தை அடைத்துக்கொள்ளும் ட்ரெயில் பாஸ் மருந்து இதற்கென்றே பிறந்தது போலிருந்தது; ஆனால் சில ஆண்டுகளாக அது கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை.

வேக மாறுபாடு குறியைத்தான் கெடுக்கும்; இருமுறை மருந்திடுவது ஆளையே கெடுக்கும். பிளாக்அவுட்டில் தவறி இரண்டாம் முறை மருந்து விழுந்தால் அது பெரும்பாலும் கூட்டுக்கு வெளியே வழிந்து தன்னையே அறிவித்துவிடும். .45-70இல் இரண்டு பங்கு மட்டுமன்று, மூன்று பங்கு விழுந்தாலும் கண்ணுக்குத் தென்படாமல் அடங்கிவிடும். ஆகவே குண்டைப் பொருத்துவதற்கு முன்னால், மருந்திட்ட கூடுகளை மரப்பலகையின் குழிகளில் வரிசையாக நிறுத்தி, மேலிருந்து டார்ச் அடித்து, ஒவ்வொன்றிலும் மருந்தின் மட்டம் அண்டைக் கூட்டோடு ஒத்திருக்கிறதா என்று பார்ப்பது இத்தோட்டாவுக்கு விதிவிலக்கில்லாத வழக்கமாக இருக்க வேண்டும். மருந்தின் அளவை அந்தந்த மருந்து நிறுவனமோ கையேடோ வெளியிட்ட அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். குறைந்தபட்ச அளவுக்கும் கீழே போவது அதிகபட்சத்தைத் தாண்டுவதைப் போலவே கேடு என்பதைப் புதியவர்கள் எளிதில் நம்புவதில்லை.

மூன்றாவதான .38 ஸ்பெஷல் இந்த வரிசையில் இடம்பெறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுழல்துப்பாக்கிக்காகப் பிறந்த இதன் 158 கிரெய்ன் குண்டு, அதே விட்டமும் சற்று நீண்ட கூடும் கொண்ட .357 மேக்னம் தோட்டாவுக்கான லீவர்-ஆக்‌ஷன் (கைநெம்பால் தோட்டா ஏற்றும்) நீள்துப்பாக்கியில் வேறொரு குணத்தைப் பெறுகிறது. சிறிதளவு மருந்து 24 அங்குல நீளக் குழலுக்குள்ளேயே முற்றாக எரிந்து, வாயுவும் விரிந்து தளர்ந்துவிடுவதால், குழல்வாயில் மீதமிருக்கும் அழுத்தம் மிகக் குறைவு. சைலன்சர் இல்லாமலே ஓரளவு அடங்கிய ஓசையோடு சுடக்கூடியது இம்மூன்றில் இது ஒன்றே. பதிவு, விண்ணப்பம், காத்திருப்பு எதுவும் வேண்டாம் என்பது சிறிய சலுகையன்று. ஆற்றல் 430 ஜூல் அளவில்தான் நிற்கும்; தகரத் தட்டு, காகித இலக்கு, சிறு விலங்கு என்பதோடு அதன் எல்லை முடிகிறது. குட்டையான .38 கூட்டை .357 அறையில் தொடர்ந்து சுட்டால் அறையின் முன்பகுதியில் கரிவளையம் படியும்; .357 கூட்டிலேயே மெதுவேகத் தோட்டாவை நிரப்பிக்கொள்வது அதற்கு எளிய மாற்று.

கைத்துப்பாக்கித் தோட்டாவான .45 ஏசிபியைப் பற்றி ஒரு சொல். 230 கிரெய்ன் குண்டோடு பிறப்பிலேயே ஒலியைவிட மெதுவாகச் செல்லும் இத்தோட்டாவை லீ-என்ஃபீல்டு அமைப்பில் பொருத்தி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனுக்காக வில்லியம் டி லைல் வடிவமைத்த கார்பைன் என்ற குட்டை நீள்துப்பாக்கி இன்றளவும் அமைதிக்கு அளவுகோலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் அந்தத் தோட்டாவுக்கான நீள்துப்பாக்கிகளில் பெரும்பாலானவை அரைத் தானியங்கிகள் என்பதால், போல்ட் பின்னுக்கு வந்து மோதும் உலோகச் சத்தம் கூடவே வருகிறது. லீவரையோ போல்ட்டையோ கையால் இயக்கும் துப்பாக்கியில் அந்தச் சத்தத்துக்கு இடமேயில்லை. பிளாக்அவுட்டை மதிப்பிடும்போதும் இதை மறக்கக்கூடாது.

செலவைப் பார்த்தால், ஒரு கிலோ ஈயத்தில் 405 கிரெய்ன் குண்டு சுமார் 38 தேறும். 220 கிரெய்ன் குண்டு 70. 158 கிரெய்ன் குண்டு 98. தொலைவைப் பொறுத்தவரை மூன்றுக்கும் ஒரே விதிதான். நொடிக்கு 310 மீட்டரில் கிளம்பும் குண்டை 50 மீட்டருக்குக் குறி ஒழுங்கு செய்தால், 100 மீட்டரில் அது சுமார் கால் மீட்டர் கீழே விழும். எந்த விளம்பரமும் இந்த வளைவை நிமிர்த்திவிடாது.

இனி உலோகக் கலவை. கடினமான ஈயமே நல்ல ஈயம் என்ற எண்ணம் வார்ப்பவர்களிடையே பரவலாக இருக்கிறது. மெதுவேகத்துக்கு அது தலைகீழான பாடம். உலோகத்தின் கடினத்தை அளக்கும் பிரினெல் அளவுகோலில் தூய ஈயம் 5. பழைய சக்கர எடைக்கட்டிகள் 9 அளவில் இருக்கும். 90 பங்கு ஈயம், 5 பங்கு வெள்ளீயம், 5 பங்கு ஆன்டிமனி சேர்ந்த லைமன் 2ஆம் எண் கலவை 15. அச்சகத்து லைனோடைப் உலோகம் 22. அழுத்தம் குறைவாக இருக்கையில் லைனோடைப் குண்டின் அடிப்பகுதி விரிந்து காடிகளை அடைக்காது. அந்த இடுக்கில் சூடான வாயு புகுந்து ஈயத்தை உருக்கிக் குழலில் அப்பிவிடும். மேலும் லைனோடைப் எடை குறைந்தது என்பதால் அதே அச்சில் வார்த்த குண்டும் எடை குறையும். எடைக்காகவே இத்தனை பாடும் படும்போது அது வீண். 20 பங்கு ஈயத்துக்கு 1 பங்கு வெள்ளீயம் சேர்ந்த பழைய கலவை .45-70க்கும் .38க்கும் மிகப் பொருத்தமானது. பிளாக்அவுட்டின் நெருக்கமான முறுக்கு மட்டும் சற்றே கடினமான கலவையைக் கேட்கும். சக்கர எடைக்கட்டி வாங்குபவர்கள் இப்போது அவற்றில் துத்தநாகம் கலந்து வருவதைக் கவனிக்க வேண்டும். ஈயம் 327 டிகிரியில் உருகிவிடும், துத்தநாகத்துக்கு 419 டிகிரி வேண்டும் என்பதால், வெப்பத்தை அடக்கி வைத்தால் உருகாமல் மிதக்கும் கட்டிகளைக் கரண்டியால் அள்ளி எறிந்துவிடலாம்.

கலவையைவிடவும் அளவுதான் முக்கியம். குண்டு காடிகளின் விட்டத்தைவிட 0.001 அங்குலமாவது பருத்திருக்க வேண்டும். கூட்டின் வாயைச் சிறிது மணிபோல் விரிக்காமல் குண்டைச் செருகினால், பித்தளை விளிம்பு ஈயத்தை மயிரிழை வளையமாகச் சீவித் தள்ளும். அப்படிச் சீவப்பட்ட குண்டு எந்தக் குழலிலும் நேராகப் போகாது.

பூச்சிலும் இரண்டு கட்சிகள் உள்ளன. தேன்மெழுகு கலந்த மரபான மசகு திறந்த குழலுக்கு நன்றாகவே உழைக்கிறது. சைலன்சர் மாட்டினால் அதன் புகையும் பிசுக்கும் உள்ளே தேங்கும். பவுடர் கோட்டிங் என்ற பொடிப் பூச்சைப் பூசி, சுமார் 200 டிகிரியில் 20 நிமிடம் சுட்டெடுத்த குண்டு புகையும் குறைவு, ஈயப் படிவும் குறைவு. ஆனால் பூச்சின் கனம் விட்டத்தைக் கூட்டும் என்பதால் அச்சையும் அளவுத்துளையையும் முன்கூட்டியே அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். அடியில் செப்புக் கிண்ணம் பொருத்தும் குண்டு மெதுவேகத்துக்குத் தேவையில்லை. தளர்ந்த கிண்ணம் சைலன்சருக்குள் கழன்றால் உள்தகடுகளுக்குச் சேதம்.

ஏற்கெனவே ஏஆர்-15 வைத்திருப்பவர், அடுத்தடுத்துச் சுட வேண்டியவர், சைலன்சருக்குச் செலவழிக்கத் தயாரானவர் பிளாக்அவுட்டை எடுக்கட்டும். வார்ப்புக் குண்டோடு அது ஒழுங்காக ஓடச் சில மாதப் பொறுமை வேண்டியிருக்கும். வேட்டைக்கு .45-70தான், டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொரு கூட்டையும் பார்க்கச் சலிப்பவர் அதைத் தொடவே வேண்டாம். வீட்டுக் கொல்லையில் நிலமும் பாதுகாப்பான மண்மேடும் உள்ளவருக்கு, அண்டை வீட்டாரின் தூக்கத்தைக் கெடுக்காமல் மாலைப்பொழுதில் சுட்டுப் பழகுவதற்கு ஒரு நீளக் குழல் .357 லீவர் துப்பாக்கியும் 158 கிரெய்ன் அச்சும் போதும். முதல் அச்சு வாங்குபவருக்கு நான் சொல்வதும் அதைத்தான்.